வீட்டில் ரெக்கார்ட் செய்த ராக் பாட்டு: மிக்ஸைப் பற்றி யாரிடம், எப்படிக் கருத்துக் கேட்பது?

ராத்திரி ஒரு மணிக்கு மிக்ஸை, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும் வேலையை, முடித்துவிட்டு, அந்தச் சூட்டோடு நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "செம மச்சான்", "வேற லெவல்" என்று பத்துப் பேர் எழுதுவார்கள். பாதிப் பேர் முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து யாருடைய காரிலோ அதே பாட்டு ஓடும். கிட்டார் போர்வை போர்த்திய மாதிரி இருக்கும், குரல் எங்கோ உள்ளே கிடக்கும். பத்துப் பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே என்று மனசு வலிக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. "எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு நம் ஊரில் அன்பான பதில்தான் வரும்.

நல்ல ஃபீட்பேக் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் கேட்பவர் கையில்தான் இருக்கிறது. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், லேப்டாப்பில் ரீப்பர் மாதிரி ஒரு ஒலிப்பதிவு மென்பொருள், அதோடு சேர்ந்து ஓடும் பிளக்-இன் என்ற துணை மென்பொருளில் அடித்த டிரம்ஸ் என்று படுக்கையறையில் முதல் பாட்டையோ இரண்டாவது பாட்டையோ செய்து முடித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தடவை கேட்பது ஒரே தடவைதான்

பாட்டை எழுதியது, வாசித்தது, பாடியது, மிக்ஸ் செய்தது எல்லாம் நீங்களே. இதற்குள் முந்நூறு தடவையாவது கேட்டிருப்பீர்கள். வரிகள் மனப்பாடம், அதனால் குரல் அமுங்கிப் போனாலும் உங்களுக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும். பேஸ் கிட்டார் அடுத்து எந்த ஸ்வரத்துக்குப் போகும் என்று தெரியும், அதனால் அது கேட்காவிட்டாலும் மனசு நிரப்பிக்கொள்ளும். இன்னொருவர் காது நமக்குத் தேவைப்படுவது இதனால்தான்.

அந்தப் புதுக் காது ஒருவரிடம் ஒரு தடவைக்குத்தான் இருக்கிறது. நாலாவது தடவை கேட்கும்போது உங்கள் நண்பரும் உங்களைப் போலவே அந்த மிக்ஸுக்குப் பழகிவிடுவார். பிறகு நீங்கள் எதை அனுப்பினாலும் "முன்னைக்கு இப்ப பரவாயில்ல" என்பார், அவ்வளவுதான். அதனால் உங்களுக்கு எட்டுப் பேர் கிடைப்பார்கள் என்றால் எட்டுப் பேருக்கும் ஒரே நாளில் அனுப்பிவிடாதீர்கள். முதல் சுற்றுக்கு மூன்று பேர் போதும். திருத்திய பிறகு வேறு மூன்று பேர். கடைசிக்கு இரண்டு பேரை மிச்சம் வையுங்கள்.

இப்படிக் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய பொருள் என்று புரிந்துவிட்டால், நீங்களே கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரு தப்பைச் சொல்ல வைப்பதற்காக அந்தக் காதை வீணாக்க மாட்டீர்கள். ஆகவே அனுப்புவதற்கு முன் கொஞ்சம் வீட்டுவேலை இருக்கிறது.

அனுப்புவதற்கு முன்னால்

ஒரு நாள் முழுக்கப் பாட்டைத் தொடாதீர்கள். மறுநாள் காலையில், வேறு எந்தப் பாட்டையும் கேட்பதற்கு முன், மெல்லிய சத்தத்தில் கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுபவரின் பேச்சு பாட்டைத் தாண்டிக் கேட்க வேண்டும், அந்த அளவு சத்தம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் ஒலிப்பதிவுக்காரர்களின் வாயில் அடிபடும். ஒலி குறையக் குறைய நம் காது அடிப்பகுதி ஒலிகளை, அதாவது பேஸை, நடுப்பகுதியைவிடச் சீக்கிரமாக இழந்துவிடும் என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். அதைத் திருப்பிப் பார்த்தால் நமக்கான பாடம் இருக்கிறது: சத்தமாக வைத்தால் எந்த மிக்ஸும் கனமாக, முழுசாகத் தோன்றும். மெல்லிய சத்தத்தில்தான் உண்மை வெளியே வரும். குரலும், டிரம்ஸில் 'டப்' என்று அறையும் ஸ்னேரும் முதலில் காதுக்கு எட்ட வேண்டும். சிம்பல் மட்டும் 'ஸ்ஸ்' என்று தனியாக ஓடினால் அது கூடுதல். கிட்டார் மட்டும் கேட்டால், நீங்கள் கிட்டார்க்காரர் என்று அர்த்தம்.

அடுத்து அறை. நம்மில் பலருக்கு வாய்ப்பது பத்துக்குப் பத்து அறை, டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர். பத்து அடி இடைவெளியில் இருக்கும் இரண்டு இணைச் சுவர்களுக்கு நடுவில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு நிலை அலை, அதாவது நகராமல் நின்ற இடத்திலேயே அதிரும் ஒலி அலை, எழும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் அதே இடத்தில் எழும். காலால் அடிக்கும் கிக் டிரம்மின் கனம் உட்காரும் இடமும் கிட்டத்தட்ட அதுதான். நீங்கள் அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அந்த அலை உங்கள் தலை இருக்கும் இடத்தில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். கிக் போதவில்லை என்று கூட்டுவீர்கள். காரில் கேட்பவர் "டம் டம்னு இடிக்குது" என்பார். சோதித்துப் பாருங்கள்: கிக்கும் பேஸும் ஓடும் நாலு பாரை லூப்பில் போட்டுவிட்டு நடுவிலிருந்து மூலைக்கு நடந்து போங்கள். மூலையில் போய் நின்றதும் பேஸ் பெருகுவது வயிற்றில் தெரியும். இந்த அறையில் ஸ்பீக்கரை மட்டும் நம்பி பேஸைத் தீர்மானிக்காதீர்கள். நல்ல ஹெட்ஃபோனிலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் மோனோ. ஸ்டீரியோவை ஒரே சேனலாக மடக்கிக் கேட்கும் பொத்தான் பல மென்பொருள்களில் இருக்கும், இல்லாவிட்டால் இலவச பிளக்-இன் கிடைக்கும். ராக் பாட்டில் இது மிகவும் முக்கியம், காரணம் இடமும் வலமும் விரித்துப் போட்ட ரிதம் கிட்டார். ஒரே பகுதியை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து ஆளுக்கொரு பக்கம் வைத்தால் மோனோவில் கொஞ்சம் சுருங்கும், ஆனால் உயிரோடு இருக்கும். ஒரே டேக்கை நகல் எடுத்து, ஒன்றைப் பதினைந்து மில்லி விநாடி தள்ளிவைத்து அகலம் காட்டியிருந்தால், மோனோவில் குழாய்க்குள் வாசித்த மாதிரி மெலிந்துவிடும். கடையில் வைக்கும் சின்ன புளூடூத் ஸ்பீக்கர் பலவற்றில் உங்கள் பாட்டு மோனோவாகத்தான் ஓடப்போகிறது. மறுபடி வாசியுங்கள். வீடுதானே, ஸ்டூடியோ வாடகை ஓடவில்லை.

அப்படியே போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை. பெரிய ஸ்டூடியோக்களிலேயே மேஜைமேல் ஆரடோன் என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கரை வைத்துக் கேட்டுப் பார்ப்பது பழைய வழக்கம். மோசமான ஸ்பீக்கரிலும் பாட்டு நிற்கிறதா என்று பார்க்கத்தான்.

கடைசியாக, உங்களுக்குப் பிடித்த ஒரு ராக் பாட்டைப் பக்கத்தில் போட்டு ஒப்பிடுங்கள். இங்கேதான் நிறையப் பேர் மனம் உடைந்து போகிறார்கள். வெளியான பாட்டு மாஸ்டரிங், அதாவது வெளியிடுவதற்கு முன் சத்தத்தை ஏற்றி ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை, முடிந்தது, உங்களுடையது முடியாதது. சத்தத்தை அளக்கும் எல்யூஎஃப்எஸ் என்ற அளவில் இன்றைய ராக் ஆல்பங்கள் பல மைனஸ் 8, மைனஸ் 9 பக்கம் இருக்கும். மாஸ்டர் செய்யாத உங்கள் மிக்ஸ் மைனஸ் 18-இல் இருக்கலாம். பத்து டெசிபல் வித்தியாசம் இருந்தால் எதிராளிதான் ஜெயிப்பார். யூலீன் மாதிரி இலவச மீட்டர் ஒன்றைப் போட்டு, அந்தப் பாட்டை உங்கள் அளவுக்குக் கீழே இறக்கிவிட்டு ஒப்பிடுங்கள். இறக்கிய பிறகும் உங்கள் ஸ்னேர் மட்டும் பின்னால் கிடந்தால், அது நிஜமாகவே பின்னால்தான் கிடக்கிறது.

ஃபைல் விஷயம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுப் பாட்டையும் 24-பிட் வேவ் ஃபைலாக எடுங்கள், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். கூகுள் டிரைவில் போட்டு இணைப்பு அனுப்புங்கள். கூடவே 320 கேபிபிஎஸ் எம்பி3 ஒன்று. வாட்ஸ்ஆப்பில்தான் அனுப்ப வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பெயரில் பாட்டும் மிக்ஸ் எண்ணும் தேதியும் இருக்கட்டும். 'ஃபைனல்' என்ற சொல்லைப் போடாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கேட்பவர், சரி, இனி குறை சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொள்வார்.

யாரிடம் கேட்பது

முதல் இரண்டு சுற்றிலும் மூன்று வகையிலும் ஒருவர் இருந்தால் நல்லது. இசை தெரியாமல் பாட்டுக் கேட்பவர் ஒருவர், ராக் கேட்டு வளர்ந்தவர் ஒருவர், மிக்ஸிங் தெரிந்தவர் ஒருவர்.

உங்கள் பேண்டில் இருப்பவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களும் பாட்டை முந்நூறு தடவை கேட்டவர்கள், அதோடு ஆளாளுக்கு அவரவர் வாத்தியம்தான் முதலில் காதில் விழும். டிரம்மர் டிரம்ஸைக் கூட்டச் சொல்வார், கிட்டாரிஸ்ட் கிட்டாரை. மெட்டாலிகா 1988-இல் வெளியிட்ட ஆல்பத்தில் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. அத்தனை பெரிய பேண்ட், அத்தனை அனுபவம், நல்ல ஸ்டூடியோ. அப்படியும் பேஸ் அந்த அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பேண்டுக்காரர்களே விரும்பினார்கள் என்று மிக்ஸ் செய்தவர் பின்னாளில் சொன்னார். ரசிகர்கள் இத்தனை வருடம் கழித்தும் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இசை தெரியாதவரின் கருத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள், ஆனால் அவர் எந்தப் பாட்டுக்குப் பழகியவர் என்பதை மனதில் வையுங்கள். தமிழ் சினிமாப் பாட்டில் குரல் எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக, முகத்துக்கு முன்னால் நிற்கும். ராக்கில் குரல் கிட்டார்களுக்கு நடுவே ஓர் ஆளாக நிற்கும். சினிமாப் பாட்டு மட்டுமே கேட்பவர் "குரல் சின்னதா இருக்கு" என்றால் பாதி அந்தப் பழக்கத்தினால் இருக்கலாம். அதற்காக ஒதுக்கிவிடவும் முடியாது, ஏனென்றால் உங்கள் பாட்டைக் கேட்கப்போவது அவரும்தான்.

மிக்ஸிங் தெரிந்தவரிடம் போகும்போது, காது அவருடைய பிழைப்பு என்பதை மறக்க வேண்டாம். தெரிந்தவராகவே இருந்தாலும் "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு அண்ணா?" என்று கேட்டுவிடுவது மரியாதை. வேண்டாம் என்றால் அது அவர் பெருந்தன்மை. அவரிடம் முழுப் பட்டியலும் கேட்காதீர்கள். "இதில் ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு பதில், இருபது சின்னக் குறிப்புகளைவிடப் பாட்டை அதிக தூரம் கொண்டுபோகும்.

என்ன கேட்பது

நான் அனுப்பும் செய்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணா, இது வீட்டிலேயே ரெக்கார்ட் செய்த பாட்டு, 3 நிமிடம் 40 விநாடி. மாஸ்டரிங் இன்னும் செய்யவில்லை, அதனால் சத்தம் குறைவாகத்தான் இருக்கும், வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். முதலில் நிறுத்தாமல் ஒரு தடவை கேளுங்கள். பிறகு நாலு விஷயம் மட்டும் சொன்னால் போதும். எதில் கேட்டீர்கள், போனிலா, ஹெட்ஃபோனிலா, காரிலா? எந்த இடத்தில் வால்யூம் பட்டனுக்குக் கை போனது, கூட்டவா குறைக்கவா? கோரஸ், அதாவது திரும்பத் திரும்ப வரும் பகுதி, வந்தபோது பாட்டு பெரிதானதா, அப்படியே இருந்ததா? எந்த வரி புரியவில்லை? நிமிடம், விநாடி குறித்தால் ரொம்ப உதவியாக இருக்கும். பாட்டு பிடித்ததா என்று இப்போது சொல்ல வேண்டாம்."

இந்தக் கேள்விகளில் எதற்கும் மிக்ஸிங் தெரிந்திருக்கத் தேவையில்லை. கை எங்கே போனது என்று எவருக்கும் தெரியும். 1:12-இல் மூன்று பேரும் சத்தத்தைக் குறைத்தார்கள் என்றால் அங்கே ஏதோ காதைக் குத்துகிறது, சந்தேகமே வேண்டாம். கடைசி வரியும் ஒரு காரணத்தோடுதான். பிடித்ததா இல்லையா என்ற பாரத்தை இறக்கி வைத்துவிட்டால் மனுஷர்கள் தைரியமாகக் குறை சொல்வார்கள்.

உங்கள் சந்தேகத்தை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். "ஸ்னேர் ஓவரா இருக்கோ?" என்று கேட்டுவிட்டால், அதுவரை ஸ்னேரைக் கவனிக்காதவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆமாம் என்பார். அவர் தானாகச் சொன்னதை எல்லாம் வாங்கிக்கொண்ட பிறகு கேளுங்கள்.

முடிந்தால் ஒருவரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க வையுங்கள். நீங்கள் அவருக்குப் பின்னால் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள், "இங்க கிட்டார் வரும் பாரு" என்றெல்லாம் சொல்லாதீர்கள். கால் தாளம் போடுவது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே நிற்கிறது, போனை எடுத்து எப்போது பார்க்கிறார் என்று கவனியுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. வேறொருவர் அறையில் இருக்கும்போது உங்கள் காதே மாறிவிடும். நேற்றுவரை கண்ணில் படாத, நீளமாக இழுக்கும் அந்த இன்ட்ரோ, அவர் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்பே உங்களை நெளிய வைக்கும்.

வரியை எழுதச் சொல்லுங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் பாடும் ராக் பாட்டுக்கு, தமிழ் தெரியாத இன்ஜினியரிடம் கருத்துக் கேட்டால் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். குரலின் ஒலியை அவர் அருமையாகக் கணிப்பார். சொல் புரிகிறதா என்று அவரால் சொல்லவே முடியாது. உங்களாலும் முடியாது, ஏனென்றால் எழுதியவர் நீங்கள். எனவே பாட்டை இதுவரை கேட்டிராத தமிழர் ஒருவரிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்து, போன் ஸ்பீக்கரில் கோரஸை ஒரே ஒரு தடவை ஓடவிட்டு, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள்.

போன வருடம் ஒரு பாட்டு செய்தேன். கோரஸ் "விடியுமுன்னே கிளம்பு" என்று தொடங்கும். சித்தியிடம் எழுதச் சொன்னேன். சமையல் மேடையில் சாய்ந்தபடியே கேட்டுவிட்டு, பால் பாக்கெட் கணக்கு நோட்டில் "முடியுமுன்னே கிளம்பு" என்று எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு எழுத்து. வீட்டைவிட்டு ஓடும் இருவரின் கதை, ஏதோ நிகழ்ச்சி முடிவதற்குள் எழுந்து போகச் சொல்வது போல ஆகிவிட்டது. "ஏன் சித்தி, வி கேக்கலையா?" என்றேன். "அந்த எடத்துலதானேப்பா தட்டு ஒடையிற மாதிரி ஒரு சத்தம் வருது" என்றார்.

கோரஸின் முதல் அடியில் கிராஷ் சிம்பலும், இரண்டு பக்கக் கிட்டாரும், குரலின் முதல் எழுத்தும் ஒரே கணத்தில் விழுந்திருந்தன. மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, 4,000, 5,000 வரை இருக்கிறது. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்ட கிட்டாரும் கிராஷும் சரியாக அதே இடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும்.

முதலில் குரலை 2 டெசிபல் கூட்டிப் பார்த்தேன். எழுத்து கேட்டது, ஆனால் கிட்டார் பொம்மை போல ஆகிவிட்டது, கோரஸ் சின்னதாகிவிட்டது. அதைத் திரும்ப இறக்கிவிட்டு வேறு வழிக்குப் போனேன். கிட்டார் இரண்டையும் 2,500 ஹெர்ட்ஸ் பக்கம் அகலமாக 2 டெசிபல் குறைத்தேன். கிராஷை 3 டெசிபல் இறக்கினேன். குரலில், அந்த 'வி' என்ற ஓர் எழுத்துக்கு மட்டும் வால்யூம் ஆட்டோமேஷனில் (குறித்த இடத்தில் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி) ஒன்றரை டெசிபல் தூக்கிவிட்டேன். மற்றபடி குரல் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த சுற்றில் வேறொருவரிடம் எழுதச் சொன்னபோது வரி சரியாக வந்தது. சித்தியிடம் மறுபடி கேட்கவில்லை, அவருக்குத்தான் இப்போது வரி தெரியுமே.

சொன்னதை எப்படிப் புரிந்துகொள்வது

சித்தி செய்ததைக் கவனியுங்கள். இடத்தைச் சரியாகச் சொன்னார், தட்டு உடைவது என்று தன் சொல்லில் சொன்னார். வைத்தியம் அவர் வேலை இல்லை. வலிக்கும் இடத்தை நோயாளி காட்டுவார், மருந்து எழுதுவது நாம். வந்த கருத்துகளில் 'இங்கே' என்று காட்டும் பகுதியை அப்படியே நம்புங்கள். 'இதைக் கூட்டு, அதைக் குறை' என்ற பகுதியைச் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, "பேஸே இல்லப்பா, நல்லா கூட்டு" என்பது அடிக்கடி வரும் கருத்து. அவர் எதில் கேட்டார் என்று பாருங்கள். போனில் என்றால் விஷயம் வேறு. பேஸ் கிட்டாரின் கனமான ஈ கம்பியின் அடிப்படை ஒலி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை எவ்வளவு தூக்கினாலும் போனில் பேஸ் வராது, காரில் மட்டும் கண்ணாடி அதிரும். செய்ய வேண்டியது பேஸ் டிராக்கில் கொஞ்சம் டிஸ்டார்ஷனோ, அதன் மென்மையான வகையான சாச்சுரேஷனோ சேர்ப்பது. அது மேல் ஸ்வரங்களை உண்டாக்கும், 300, 600 ஹெர்ட்ஸில் பேஸின் நடமாட்டம் கேட்கும், மீதியைக் காது தானே ஊகித்துக்கொள்ளும். அவர் காட்டிய இடம் சரி, சொன்ன மருந்து தப்பு.

இசை தெரியாதவர்கள் சொல்லும் சொற்களுக்கு நாளடைவில் உங்களுக்கே ஓர் அகராதி உருவாகிவிடும். "அடைச்ச மாதிரி இருக்கு" என்றால் பெரும்பாலும் 200-லிருந்து 400 ஹெர்ட்ஸுக்குள் கிட்டார், பேஸ், குரல் எல்லாம் குவிந்துகிடக்கும். கிட்டாரில் 80, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 300 பக்கம் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். "காதைக் கிழிக்குது" என்றால் 3,000-க்கு மேலே கிட்டாரோ சிம்பலோ. "டப்பாவுக்குள்ள அடிக்கிற மாதிரி" என்பது பெரும்பாலும் டிரம்ஸில் 400, 500 ஹெர்ட்ஸ். "கிணத்துக்குள்ள இருந்து பாடுறாங்க" என்றால் ரிவர்ப், அதாவது மிக்ஸில் நாம் சேர்த்த எதிரொலி, அதிகம் என்று உடனே நினைப்போம். ரிவர்ப்பை முழுசாக அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் கிணறு இருந்தால் அது ரெக்கார்டிங்கிலேயே விழுந்த அறையின் எதிரொலி. எந்த பிளக்-இன்னும் அதைச் சுத்தமாக எடுக்காது. மைக்குக்கு எதிரில், நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி பாடுங்கள்.

சுருதி விலகிய கிட்டார், தாளம் நழுவிய பேஸ், மூச்சு முட்டிய வரி, இவை எல்லாமே கேட்பவர் வாயில் "ஏதோ மிக்ஸ் சரியில்ல" என்றுதான் வரும். மிக்ஸைக் குடைவதற்கு முன் அந்த டிராக்கைத் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

இருவர் எதிரெதிராகச் சொன்னால் பதற வேண்டாம். ஒருவர் குரல் அதிகம் என்கிறார், ஒருவர் குறைவு என்கிறார் என்றால் நேரக் குறிப்பைப் பாருங்கள். அதிகம் என்றவர் வெர்ஸை, அதாவது கோரஸுக்கு முன் வரும் பகுதியை, சொல்லியிருப்பார், குறைவு என்றவர் கோரஸைச் சொல்லியிருப்பார். இருவர் சொன்னதும் சரி. குரல் பாட்டோடு சேர்ந்து ஏறவில்லை, அவ்வளவுதான். ஒரே இடத்தை இருவர் காட்டினால் கட்டாயம் கை வையுங்கள். ஒருவர் மட்டும் சொன்னது உங்களுக்கும் முன்பே உறுத்தியிருந்தால் அதிலும் கை வையுங்கள். "எனக்கு இவ்வளவு டிஸ்டார்ஷன் பிடிக்காது" என்பது ருசி. நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடலாம்.

எதைச் சொன்னாலும் விளக்கம் கொடுக்காதீர்கள். "இல்ல, அது வேணும்னே அப்படி வச்சது" என்று ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த பாட்டுக்கு அவரிடமிருந்து "சூப்பர்" மட்டும்தான் வரும்.

திருத்தும்போது

பழைய மிக்ஸை அப்படியே சேமித்துவிட்டு, புதிய பெயரில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் பழையதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். அரை டெசிபல் சத்தம் கூடினாலே மனசு அதுதான் நல்லது என்று சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டு, வேறு யாரையாவது இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, எது எது என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் அந்த மாற்றம் தேவையில்லை, பழையதுக்கே போய்விடுங்கள்.

குரல் அளவில் முடிவெடுக்க முடியாமல் திண்டாடினால், இப்போது இருப்பது ஒன்று, குரல் 1 டெசிபல் கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று என மூன்று ஃபைல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொழில்முறை மிக்ஸிங்கிலும் இது நெடுநாள் வழக்கம். எது எது என்று சொல்லாமல் அனுப்பி, எது இயல்பாக இருக்கிறது என்று கேட்கலாம்.

கருத்துச் சொன்ன ஒவ்வொருவருக்கும் "நீங்கள் சொன்ன 1:12 இப்போது சரியாகிவிட்டது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். தான் சொன்னது ஒரு பாட்டுக்குள் போயிருக்கிறது என்று தெரிந்தவர் அடுத்த தடவை இன்னும் கவனமாகக் கேட்பார்.

எப்போது நிறுத்துவது

மூன்று சுற்று போதும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் சுற்றில் ஒரே இடத்தைப் பலர் காட்டுவார்கள். இரண்டாவதில் ஆளுக்கு ஓர் இடம் என்று சிதறும். மூன்றாவதில் நேரக் குறிப்புகளே குறைந்து, ருசி சம்பந்தமான பேச்சாக மாறும். அதற்கு மேலும் திருத்திக்கொண்டே போனால் பாட்டு மழுங்கிப் போகும். பிழை இல்லாத, உயிரும் இல்லாத மிக்ஸ்களை நிறையக் கேட்டிருக்கிறேன்.

அந்தக் கோரஸ் பாட்டின் மூன்றாவது சுற்றில், மிச்சம் வைத்திருந்த இருவரில் ஒருவர் எதிர் வீட்டுத் தம்பி, காலேஜ் முதலாண்டு. வழக்கமான நாலு கேள்வியையும் அனுப்பியிருந்தேன். ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. சாயங்காலம் பைக்கை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்று கேட்டான்: "அண்ணா, விடியுமுன்னே கிளம்பி அவங்க ரெண்டு பேரும் எங்கதான் போறாங்க?"

அன்றைக்கு ராத்திரியே மாஸ்டரிங்குக்கு அனுப்பிவிட்டேன்.